சட்டம் எழுதியது கார்ட்டர், சிலை மட்டும் ஹொரேஸ் மேனுக்கா?

கரும்பலகை:
பாஸ்டனில் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்துக்கு முன்னால் ஹொரேஸ் மேனின் வெண்கலச் சிலை நிற்கிறது, 1865ல் வைத்தது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் தந்தை என்பார்கள். இரண்டு வாரமாக அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு இன்னொருவர் மேல்தான் இரக்கம் வருகிறது. அவர் பெயர் ஜேம்ஸ் கார்டன் கார்ட்டர்.

கார்ட்டர் 1795ல் லியோமின்ஸ்டரில் பிறந்தவர், மேனைவிட ஒரு வயது மூத்தவர். சொந்தமாகச் சம்பாதித்தே ஹார்வர்டு வரை போய் 1820ல் பட்டம் வாங்கினார், பிறகு லங்காஸ்டரில் பள்ளி நடத்தினார். 1824ல் ஒரு பாஸ்டன் செய்தித்தாளில் 'ஃபிராங்க்ளின்' என்ற புனைபெயரில் தொடர் எழுதினார். பொதுப்பள்ளிகள் சீரழிந்துவிட்டன, வாத்தியார் வேலைக்குப் பயிற்சியே இல்லை, ஆசிரியர்களை உருவாக்குவது மாநிலத்தின் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். 1827ல் பயிற்சிப் பள்ளி தொடங்க அரசிடம் உதவி கேட்டார். செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. தானே தொடங்கிப் பார்த்தார், ஊர்க்காரர்களின் எதிர்ப்பில் அதுவும் நின்றுபோனது. சரி, வெளியிலிருந்து கத்திப் பயனில்லை என்று தேர்தலில் நின்று மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குள் போனார். ஆலையில் வேலை செய்யும் 15 வயதுக்குக் கீழான பிள்ளைகள் வருடத்தில் மூன்று மாதமாவது பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்ற 1836 சட்டத்தில் அவர் கை உண்டு. 1837ல் மாநிலக் கல்வி வாரியம் அமைக்கும் மசோதாவும் அவருடையதுதான். முதல் முறை சபையில் விழுந்த அந்த மசோதாவைத் திரும்ப எடுக்க வைத்து நிறைவேற்றியவரும் அவரே.

பள்ளிக்கூட வாத்தியார், பத்திரிகை எழுத்தாளர், சட்டமன்ற உறுப்பினர், மூன்றாகவும் இருந்தவர். வாரியத்தின் செயலாளர் பதவி அவருக்குத்தான் கிடைக்கும் என்று பலர் நினைத்தார்கள். போனதோ, பிரௌன் கல்லூரியில் கொஞ்ச காலம் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்ததைத் தவிர வகுப்பறையைப் பார்க்காத ஒரு வக்கீலுக்கு, அதாவது மேனுக்கு. இது நியாயமா? சொல்லுங்கள்.

நூலகத்து எலி:
கார்ட்டரைத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மேனை ஏதோ யாரோ வைத்துவிட்டுப் போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இடிக்கிறது.

அந்த ஆளின் கதையை முதலிலிருந்து பாருங்கள். 1796ல் ஃபிராங்க்ளின் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயரை ஊருக்கு வைத்ததற்காக அவரிடம் தேவாலயத்துக்கு ஒரு மணி கேட்டார்களாம். அவர் மணிக்குப் பதிலாகப் புத்தகங்களை அனுப்பிவைத்தார், சத்தத்தைவிடப் புத்தி மேல் என்று சொல்லி. அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த பையன் இவன். பதின்மூன்று வயதில் அப்பா போய்விட்டார். வீட்டில் எல்லாரும் தொப்பிக்கு வைக்கோல் பின்னுவார்கள், பாடப்புத்தகக் காசு அதில்தான் வந்தது. பதினைந்து வயது வரை வருடத்துக்கு எட்டுப் பத்து வாரத்துக்கு மேல் பள்ளிக்குப் போனதே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் ஆறு மாதம் ஒருவரிடம் லத்தீனும் கிரேக்கமும் படித்துவிட்டு நேராகப் பிரௌனில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, 1819ல் வகுப்பிலேயே முதலாவதாக வெளியே வந்தார்.

1837ல் அவர் மாநில செனட்டின் தலைவர். அடுத்து கவர்னர் ஆகலாம் என்று பேச்சு அடிபட்ட நேரம். அப்போதுதான் எட்மண்ட் டுவைட் என்ற ஆலை முதலாளி வற்புறுத்தி இந்தப் பதவிக்கு இழுத்தார். அது என்ன பதவி தெரியுமா? ஒரு பள்ளியைத் திறக்க அதிகாரம் இல்லை, மூட அதிகாரம் இல்லை, ஒரு வாத்தியாரை மாற்றக்கூட முடியாது. தகவல் திரட்டலாம், அறிக்கை எழுதலாம், ஊர் ஊராகப் போய்ப் பேசலாம். அவ்வளவுதான். சம்பளத்தை 1,500 டாலர் என்று நிர்ணயித்தபோது அவர் நாட்குறிப்பில் எழுதினார்: உயிரும் உடம்பும் நன்றாக இருந்தால் இவர்களைப் பழிவாங்குவேன், 1,500 டாலருக்கு மேல் நன்மை செய்துவிட்டுத்தான் விடுவேன்! இந்த ஒரு வரிக்காகவே எனக்கு மேனைப் பிடிக்கும்.

சந்தேகப் பேர்வழி:
எலியாரே, நாயன்மார் கதை மாதிரி இருக்கிறது. கண்ணில் நீர் வருகிறது :)

ஆலை முதலாளி இழுத்தார் என்று நீங்களே சொன்னீர்கள், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஆலை முதலாளிக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? மேனின் ஐந்தாவது ஆண்டறிக்கையைப் பாருங்கள். முதலாளிகளிடம் விசாரித்து, படித்த தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்கிறான், ஒழுங்காக வேலைக்கு வருகிறான், வேலைநிறுத்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை என்கிற மாதிரிப் பதில்களை வாங்கிப் போட்டிருக்கிறார். கல்வி என்பது லாபம் தரும் முதலீடு என்று பணக்காரனிடம் விற்கிறார். பள்ளிக்கூடம் யாருக்காக?

நூலகத்து எலி:
விற்றார்தான். வரி கட்டுகிறவன் யார்? சொத்துள்ளவன். அவன் சம்மதிக்காமல் பள்ளிக்குக் காசு எங்கிருந்து வரும்? அதே மேன் 1848ல் எழுதிய பன்னிரண்டாவது அறிக்கையில், மனிதர்களைச் சமமாக்க மனிதன் கண்டுபிடித்தவற்றிலேயே பெரிய கருவி கல்விதான் என்கிறார். ஒரே பக்கத்தில் மூலதனமும் கூலியும் மோதிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றியும் பேசுகிறார். ஆளுக்கு ஏற்ற மாதிரிப் பேசத் தெரிந்த வக்கீல். அது குற்றமா?

மழைக்காலத் தவளை:
இடையில் ஒரு கேள்வி. இதையெல்லாம் நம் ஊர்ப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பேசலாமா?

கரும்பலகை:
வேண்டாம் தம்பி, அது வேறு இழை. இங்கே ஆரம்பித்தால் மேனும் காணாமல் போவார், கார்ட்டரும் காணாமல் போவார்.

முன்னாள் வாத்தியார்:
நான் முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவன். அதனால் மேனைப் பற்றிப் படிக்கும்போது என் மனசு தானாகவே அவரோடு மோதிய 31 பாஸ்டன் தலைமை ஆசிரியர்கள் பக்கம் போகிறது. யாரும் இதுவரை அவர்களைப் பற்றிப் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

மேன் 1843ல் மேரி பீபாடியைக் கல்யாணம் செய்துகொண்டு கையோடு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். அது இரண்டாவது திருமணம். முதல் மனைவி சார்லட் 1832ல் இறந்தபோது இவருக்குத் தலைமுடி எல்லாம் வெளுத்துவிட்டது என்பார்கள், அந்தத் துக்கத்திலிருந்து வெளியே வரவே பத்து வருடம் பிடித்தது. சரி, தேனிலவுக்குப் போன மனிதர் என்ன செய்தார்? ஊர் ஊராகப் பள்ளி, சிறை, மருத்துவமனை என்று சுற்றிப் பார்த்தார். புதுப் பெண்ணும் கூடவே நடந்திருக்கிறார், பாவம்.

திரும்பி வந்து எழுதியது ஏழாவது ஆண்டறிக்கை. ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் பள்ளிகளைப் புகழ்ந்து தள்ளினார். அங்கே வாத்தியார் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடம் கேட்பதில்லை, உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவதில்லை, அடி வாங்கும் பிள்ளையைப் பார்க்கவே இல்லை என்று எழுதினார். அவர் பாஸ்டனைப் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு மருமகளைப் புகழ்ந்தால் நம் வீட்டில் யாருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று தெரியாதா?

தைத்தது. பாஸ்டனின் 31 தலைமை ஆசிரியர்கள் சேர்ந்து 1844ல் 144 பக்கத்தில் ஒரு மறுப்பு வெளியிட்டார்கள். உனக்கு வகுப்பறை தெரியுமா, எத்தனை நாள் பாடம் நடத்தியிருக்கிறாய், எங்கள் பள்ளிகளை எப்போது வந்து பார்த்தாய் என்று கேட்டார்கள். மேன் அதைவிடத் தடியாகப் பதில் எழுதினார். அவர்கள் அதற்கு மறுபடி எழுதினார்கள், இவர் திரும்பவும் எழுதினார். நம் மன்றத்துச் சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை.

சண்டையின் சரக்கு என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். முதலாவது, பிரம்பு. மேன் அதை முழுசாக ஒழிக்கச் சொல்லவில்லை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்றார். ஆசிரியர்களோ அதிகாரம் போனால் வகுப்பு போய்விடும் என்றார்கள். இரண்டாவது, எழுத்து முதலா சொல் முதலா. ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டுவது பிள்ளைக்கு ரத்தமில்லாத எலும்புக்கூட்டுப் பேய்களைக் காட்டுவது மாதிரி என்று மேன் முன்பே பேசியிருந்தார். 'பூனை' என்ற சொல்லை முழுசாகக் காட்டு, எழுத்துகள் பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. அவர் மனைவி மேரி அந்த முறையில் ஒரு பாலபாடமே எழுதியவர். ஆசிரியர்கள் சொன்னது, எழுத்தும் ஓசையும் தெரியாமல் வாசிக்கத் தெரியாது என்று. இன்றைக்கு வரை ஆங்கில வாசிப்பில் இந்தச் சண்டை ஓயவில்லை. என் அனுபவத்தில் எழுத்தில் தொடங்கிய பிள்ளை தடுமாறினாலும் தானாக எழுந்துகொள்கிறது. ஆக இந்த விஷயத்தில் 31 பேரும் சொன்னது சரி என்பேன். பிரம்பு விஷயத்தில் மேன்தான் சரி. நான் அடித்திருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நூலகத்து எலி:
அருமை ஐயா. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மேனின் நெருங்கிய நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவ், பார்வையற்றோர் பள்ளியை நடத்தியவர், அவர் பாஸ்டன் பள்ளிக் கமிட்டிக்குள் வந்துவிட்டார். 1845ல் வழக்கமான வாய்மொழித் தேர்வுக்குப் பதிலாக அச்சடித்த கேள்வித்தாள். எல்லாப் பள்ளிக்கும் அதே கேள்விகள், எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எழுத்துத் தேர்வின் பெரிய தொடக்கம் அதுதான். முடிவு படுமோசம். ஜெஃபர்சன் காலத்து வணிகத் தடை எந்த வருடம் என்று கேட்டால் தேதி சொன்னார்கள், வணிகத் தடை என்றால் என்ன என்று கேட்டால் விழித்தார்கள். மேன் விடுவாரா? தன் 'காமன் ஸ்கூல் ஜர்னல்' பத்திரிகையில் அந்த முடிவுகளை எடுத்துப் போட்டார். சில ஆசிரியர்களின் வேலையும் போனது.

அந்தப் பத்திரிகையை 1838ல் அவரே தொடங்கினார், அவரே ஆசிரியர், மாதம் இரண்டு இதழ். அதிகாரமில்லாத பதவியில் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் அச்சுதான்.

சந்தேகப் பேர்வழி:
அப்படியென்றால் மார்க்கை வைத்து வாத்தியாரின் மானத்தை வாங்குகிற பழக்கத்துக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கருணை, வாத்தியாருக்குக் கேள்வித்தாள். நண்பனைக் கமிட்டிக்குள் விட்டு எதிரிகளைச் சோதிப்பது சீர்திருத்தமா, அரசியலா?

நூலகத்து எலி:
இரண்டும். அவர் மாநில அரசியலில் பத்து வருடம் ஊறியவர், அதை மறந்துவிடாதீர்கள்.

பித்தளைக் குத்துவிளக்கு:
ஆண்கள் எல்லாரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

டுவைட் கொடுத்த 10,000 டாலர், மாநிலம் சேர்த்த இன்னொரு 10,000, இதை வைத்து 1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டனில் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தது. நார்மல் ஸ்கூல் என்று பெயர். முதல் நாள் வந்தவர்கள் மூன்றே மூன்று பெண்கள். பள்ளியைப் பெண்களுக்கென்றே வைத்திருந்தார்கள். அதன் தலைவர் சைரஸ் பியர்ஸ் தானே அடுப்பு மூட்டுவார், பனி அள்ளுவார், பகலில் பாடம் நடத்துவார், இரவில் சில மணி நேரம்தான் தூங்குவார். தோற்பதைவிடச் சாவதே மேல் என்றவர். 1842ல் உடம்பு கெட்டுப் பதவியை விட்டார், இரண்டு வருடத்தில் திரும்பவும் வந்தார். கரும்பலகை சார், நீங்கள் கார்ட்டருக்கு அழுகிறீர்கள், நான் பியர்ஸுக்கு அழுகிறேன்.

இப்போது கசப்பான பகுதி. பெண்கள் இயல்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தகுந்தவர்கள், மென்மையானவர்கள் என்று மேன் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார். அதே மூச்சில் பெண் ஆசிரியர் என்றால் ஊருக்குச் செலவு குறைவு என்ற கணக்கும் உண்டு. அன்றைய மாசசூசெட்ஸில் பெண் ஆசிரியருக்குக் கொடுத்த மாதச் சம்பளம் ஆணுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. வேலைக் கதவு திறந்தது உண்மை, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிச் சம்பளத்துக்குத்தான் திறந்தது. பிற்பாடு ஒஹாயோவில் ஆண்டியாக் கல்லூரித் தலைவர் ஆனபோது தன் அக்கா மகள் ரெபேக்கா பென்னலைப் பேராசிரியராக வைத்து ஆண்களுக்குச் சமமான இடம் கொடுத்தார். நல்லதுதான், ஆனால் அது ஒருத்திக்கு!

சந்தேகப் பேர்வழி:
குத்துவிளக்கு அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை அறிக்கை எழுதிய மனிதர் பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்ததைப் பற்றி என்ன எழுதினார்? பெஞ்சமின் ராபர்ட்ஸ் தன் ஐந்து வயது மகள் சாராவை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க விடவில்லை என்று நகரத்தின் மேல் வழக்குப் போட்டார். சார்லஸ் சம்னரும், அன்றைக்கு மிகச் சிலரே இருந்த கறுப்பின வக்கீல்களில் ஒருவரான ராபர்ட் மாரிஸும் வாதாடினார்கள். 1849-50ல் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1855ல் சட்டம் வந்த பிறகுதான் பிரிவினை ஒழிந்தது. அந்தச் சண்டை பல வருடம் நடந்தபோது கல்விச் செயலாளர் வாயைத் திறக்கவில்லை. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய வெண்டல் ஃபிலிப்ஸ் அதற்காக அவரைக் கிழித்திருக்கிறார்.

நூலகத்து எலி:
இதில் நான் அவருக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் முழுப் படமும் தெரியட்டும். வெஸ்ட் நியூட்டனுக்கு இடம் மாறிய அதே நார்மல் பள்ளியில் க்ளோயி லீ என்ற கறுப்பினப் பெண் சேர்ந்தார். ஊரில் ஒரு வீட்டிலும் அவருக்குத் தங்க இடம் தரவில்லை. மேனும் மேரியும் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். 1848ல் ஜான் குயின்சி ஆடம்ஸ் இறந்து காலியான இடத்தில் மேன் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனார். அதே வருடம் வாஷிங்டனிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட அடிமைகளைக் கப்பலேற்றித் தப்பவைக்கப் பார்த்த டிரேட்டன், சேயர்ஸ் இருவருக்காகவும் நீதிமன்றத்தில் நின்றார். வீட்டில் தைரியம், நீதிமன்றத்தில் தைரியம், அறிக்கையில் மட்டும் மௌனம். இந்தச் சண்டையையும் இழுத்துப் போட்டால் வாரியமே கவிழ்ந்துவிடும் என்று பயந்தார் என்பது என் கணிப்பு.

கரும்பலகை:
கவிழ்ந்துவிடும் என்ற பயம் சும்மா இல்லை. 1840ல் சபையில் ஒரு கமிட்டி, வாரியத்தையும் நார்மல் பள்ளிகளையும் ஒரேயடியாக மூடிவிடலாம் என்று பரிந்துரை செய்தது. பிரஷ்யா மாதிரி எல்லாம் மேலிருந்து நடக்கும், இது நம் ஊர்ச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்பது வாதம். 245க்கு 182 என்ற கணக்கில்தான் தப்பியது. மத விஷயத்தில் அதைவிடப் பெரிய தலைவலி. பள்ளியில் பைபிள் வாசிக்கலாம், ஆனால் எந்தச் சபையின் கோட்பாட்டையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார் மேன். பழமைவாதப் பிரசங்கிகள் கடவுளை வெளியே தள்ளுகிறார் என்றார்கள், கத்தோலிக்கர்களுக்கோ அதே ஏற்பாடு வெறும் புராட்டஸ்டண்ட் மதமாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் இடி.

அவருக்கு அந்தப் பிரசங்கிகளிடம் பழைய கணக்கும் ஒன்று உண்டு. அண்ணன் ஸ்டீபன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாமல் நீந்தப் போய் மூழ்கிவிட்டான். நத்தானியல் எம்மன்ஸ் என்ற பாதிரியார் சாவு வீட்டில் நின்று, மனம் திரும்பாமல் செத்தவர்களுக்கு என்ன கதி என்று பிரசங்கம் செய்தார். அம்மா விம்மியதைப் பக்கத்தில் நின்று கேட்ட பதினான்கு வயசுப் பையன் அதை மறக்கவே இல்லை.

சரி, என் முதல் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாளாக நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, டுவைட்டும் கவர்னர் எவரெட்டும் கார்ட்டரை விட்டுவிட்டு மேனைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கொஞ்சம் புரிகிறது. அவர்களுக்குப் பள்ளி தெரிந்த ஆள் தேவைப்படவில்லை, பன்னிரண்டு வருடம் அடி வாங்கிக்கொண்டே பேசத் தெரிந்த ஆள்தான் தேவைப்பட்டது. கார்ட்டரை வாரியத்தின் உறுப்பினராக வைத்தார்கள், அதோடு சரி. அவர் 1849ல் சிகாகோவில் இறந்தார். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

முன்னாள் வாத்தியார்:
ஆற வேண்டாம். மேனுக்கு மட்டும் என்ன நல்ல முடிவா வந்தது? கட்சித் தலைவர் டேனியல் வெப்ஸ்டர் 1850 மார்ச் 7 அன்று அடிமை முறைக்காரர்களோடு சமரசம் பேசியபோது மேன் அவரை வெளிப்படையாகத் தாக்கினார். கட்சி கைவிட்டது. தனியாக நின்று ஜெயித்தார். 1852ல் கவர்னர் தேர்தலில் தோற்றார். வேட்பாளராக அறிவித்த அதே நாளில்தான் ஆண்டியாக் கல்லூரிக்கும் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். யெல்லோ ஸ்பிரிங்ஸில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரி, கட்டி முடிவதற்குள் கடன். 1859ல் ஏலத்துக்கே வந்துவிட்டது. அந்த ஜூன் மாதம் பட்டமளிப்பில் மாணவர்களிடம், மனித குலத்துக்காக ஒரு வெற்றியாவது பெறாமல் சாக வெட்கப்படுங்கள் என்று பேசிவிட்டு ஆகஸ்ட் 2 அன்று போய்ச் சேர்ந்தார்.

பித்தளைக் குத்துவிளக்கு:
அந்தச் சட்டமன்றப் புல்வெளிக்கு நானும் போயிருக்கிறேன். மேனின் சிலையைச் செதுக்கியவர் எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண். படம் எடுத்துவிட்டு வாசலின் அந்தப் பக்கம் திரும்பினால் அதே வரிசையில் இன்னொரு வெண்கலச் சிலை. யார் என்று பலகையைப் படித்தால் டேனியல் வெப்ஸ்டர்! நடுவில் படிக்கட்டு மட்டும்தான்.

கரும்பலகை:
ஐயோ. கார்ட்டர் அங்கே இல்லாததே நல்லது.